காதுல பாதி ரோட்டுக்கு

சென்னையிலிருந்து திருவள்ளூர் தாண்டி திருத்தணிக்கோ திருப்பதிக்கோ போறவங்க எங்க கனகம்மாசத்திரத்தைக் கடந்துதான் போகணும். கடக்கிறவங்க ஆயிரம் பேர், நிக்கிறவங்க பத்து பேர். அதனால எங்களுக்கு உங்க முகம் தெரியாது. உங்க பாட்டுதான் தெரியும்.

மெயின் ரோட்டு டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காருங்க, நான் சொல்றது புரியும். விடியறதுக்கு முன்னாடி எம்.எஸ். அம்மாவோட சுப்ரபாதம் போட்டுக்கிட்டு ஒரு வேன் போச்சுன்னா அது திருப்பதி. ஆடிக் கிருத்திகை சமயத்தில் டி.எம்.எஸ்., சீர்காழி, பெங்களூர் ரமணியம்மாள் மூணு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிப் பாடினா, அது திருத்தணிக்குக் காவடி கொண்டு போற வண்டிங்க. ஆந்திரா லாரிக்காரர் கண்டசாலா போடுவார். கொஞ்சம் வயசு கம்மின்னா புதுசா வந்த தெலுங்குக் குத்துப்பாட்டு. ஷேர் ஆட்டோவில் இளையராஜா, அதுவும் எண்பதுகள் மட்டும்தான். அந்தத் தம்பி பிறந்ததே ரெண்டாயிரத்துக்குப் பிறகு, ஆனாலும் எண்பதுகள்தான். கரும்பு டிராக்டர் வருதுன்னா ரெண்டு வயல் தள்ளியே தெரிஞ்சிடும், பாட்டு அப்படி.

காருங்க மட்டும் ஊமையாப் போகும். கண்ணாடி ஏத்தி, ஏசி போட்டு, உள்ளே என்ன ஓடுதுன்னு வெளியில தெரியாது. ரொம்ப சத்தமா வெச்சிருந்தா 'தும் தும்'னு அடிவயிறு மட்டும் வெளியே கேட்கும். பைக்கில் போற பசங்க காதுல வெள்ளையா ஒரு பட்டாணி சொருகியிருப்பாங்க. அதுவும் ஊமைதான்.

இந்தப் பதிவு எதுக்குன்னா, எங்க அக்கா பையன் போன மாசம் சென்னையிலிருந்து வந்தான். நல்ல பையன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, சொந்தக் கார். வந்ததும் செருப்பைக் கழட்டாமலே ஆரம்பிச்சான். "மாமா, உங்க ஊர் டிராக்டர்காரங்களுக்கு மேனர்ஸே கிடையாதா? முன்னாடி ஒருத்தன் ஸ்பீக்கர் கட்டி அலற விட்டுட்டுப் போறான். ஹாரன் அடிச்சா அவனுக்குக் கேட்கவே இல்ல."

"நீ என்னடா கேட்டுக்கிட்டு வந்த?"ன்னேன்.

"பாட்காஸ்ட் மாமா. முதலீடு பத்தி ஒருத்தர் பேசறது. என் காருக்குள்ள கேட்கிறேன், யாருக்குத் தொல்லை?"

இந்த 'யாருக்குத் தொல்லை'ங்கிற கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போறேன். அவனுக்கு மட்டும் இல்ல. அவன் மாதிரி சனி ஞாயிறு எங்க ஊர் வழியா பறக்கிற எல்லாருக்கும்.

முதல்ல டிராக்டரைப் பேசிடலாம், அதுல எங்க பக்கத்துத் தப்பும் இருக்கு. திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கு. அரவை நடக்கிற மாசங்கள்ல ராத்திரி பகல் பார்க்காம கரும்பு லோடு போகும். வெட்டின கரும்பு காய்ஞ்சா எடை போச்சு, சாறு போச்சு. அதனால லோடு ஏறின உடனே கிளம்பணும். ஆலை வாசல்ல வரிசையில நின்னு, சில நாள் முழு ராத்திரியும் வண்டியிலேயே கிடக்கணும். அந்த டிராக்டருக்குக் கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. காலடியில எஞ்சின் போடற சத்தத்துல பக்கத்துல உட்கார்ந்தவன் பேசறதே கேட்காது. பனி, தூசி, தூக்கம் எல்லாம் நேரா முகத்துல அடிக்கும். பாட்டு இல்லேன்னா டிரைவர் தூங்கிடுவான். தூங்கினா பத்து டன் கரும்பு ரோட்டுல.

இன்னொண்ணு, இது கேவலமான விஷயம்தான், சொல்லித்தான் ஆகணும். பாதி டிரெய்லருக்குப் பின்னாடி சிவப்பு விளக்கு எரியாது. கரும்பு நுனி வெளியே ரெண்டு முழம் நீட்டிக்கிட்டு இருக்கும். இருட்டுல பின்னாடி வர்றவனுக்கு முன்னாடி ஏதோ இருக்குன்னு சொல்றது அந்தப் பாட்டுதான். விளக்கு செய்ய வேண்டிய வேலையை ஸ்பீக்கர் செய்யுது. நீங்க கண்ணாடி ஏத்திட்டு வந்தா அதுவும் உங்களுக்குக் கேட்காது.

அதுக்காக நான் டிராக்டர் ஸ்பீக்கருக்கு வக்காலத்து வாங்கலை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. கல்யாண மண்டபத்துக்கு வைக்கிற அளவு பெட்டியை மட்கார்டு மேல கட்டிக்கிட்டு ஊருக்குள்ள வர்ற பசங்களை நானே நிறுத்தித் திட்டியிருக்கேன். பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தா உனக்குக் கேட்குமாடான்னு கேட்டா, தலையைச் சொறிவான், அடுத்த நாள் திரும்பக் கட்டுவான். அவன் செய்யறது தப்பு. ஆனா அந்தத் தப்பு ஊருக்கே கேட்குது. அதனால ஊரே திட்டுது. உங்க தப்பு யாருக்கும் கேட்கிறதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவன் வெளியில சத்தம் போட்டுத் தன் காதை அடைச்சுக்கிறான். நீங்க வெளிச் சத்தத்தை அடைச்சு உங்க காதை மூடிக்கிறீங்க. ரோட்டுல நடக்கிறவனுக்கு ரெண்டு பேரும் செவிடுதான்.

ரோட்டுல யார் நடக்கறாங்கன்னு கேட்பீங்க. நாங்கதான் நடக்கிறோம். பள்ளிக்கூடப் பசங்க, நூறு நாள் வேலைக்குப் போறவங்க, சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறவங்க, ஆடு ஓட்டிக்கிட்டு ரோட்டைக் குறுக்கே தாண்டறவங்க. புரட்டாசி வந்தா மஞ்சள் துணி கட்டி, வெறுங்காலோட திருப்பதிக்கு நடந்து போறவங்க. அவங்க வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலதான் நடப்பாங்க, நீங்க டிராஃபிக்குக்குப் பயந்து ராத்திரியிலதான் ஓட்டுவீங்க. டிசம்பர் 31 ராத்திரி திருத்தணியில படித் திருவிழா. 365 படிக்கும் பூஜை. அன்னிக்கு இந்த ரோட்டுல நடக்கிறவங்களும் ஓட்டறவங்களும் ஒரே மாதிரி தூக்கக் கலக்கத்துல இருப்பாங்க.

எங்க தெருவில் ஒரு அம்மா, வீட்டுக்காரர் இல்லாதவங்க, ரெண்டு மாடு வெச்சு ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெச்சவங்க. போன வருஷம் சாயங்காலப் பாலை ஊத்திட்டு வரும்போது பின்னாடியிலிருந்து பைக்கு தட்டிடுச்சு. இடது கால் ரெண்டு இடத்துல உடைஞ்சுது. எதிர்ப்பக்கம் நின்ன நாலு பேரு கத்தியிருக்காங்க. "ஏய், ஏய், நிறுத்து"ன்னு கத்தினதுல டீக்கடைக்காரர் கடைக்குள்ளேயிருந்து ஓடி வந்தார். அந்தப் பையனுக்கு மட்டும் கேட்கலை. கீழ விழுந்த பிறகும் ஒரு காதுல அந்தப் பட்டாணி அப்படியே இருந்தது, உள்ளே பாட்டு ஓடிக்கிட்டு இருந்தது. பையன் கெட்டவன் இல்ல. அழுதான், ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தான். ஆனா அந்தம்மா மூணு மாசம் படுத்ததுல ஒரு மாட்டை வித்தாச்சு. வித்த மாடு வித்ததுதான்.

கையில போனைப் பிடிச்சு ஓட்டினா பிடிக்கிறாங்க. 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல ஆபத்தா ஓட்டறதுங்கிற பிரிவுக்குள்ள கையில பிடிக்கிற தொடர்புக் கருவியைப் பேர் சொல்லியே சேர்த்திருக்காங்க. காதுல சொருகினதை எந்தச் செக்போஸ்ட்டுல எட்டிப் பார்க்கிறாங்க? ஹெல்மெட்டுக்குள்ள இருந்தா தெரியக்கூடத் தெரியாது.

இப்போ நீங்க சொல்வீங்க, பாட்டே கேட்கக் கூடாதா பெரியவரேன்னு. நான் அப்படிச் சொல்லலை. வண்டியில ரேடியோ வந்த காலத்துலயே இந்தச் சண்டை வந்தாச்சு. அமெரிக்காவுல 1930-ல் கால்வின் அண்ணன் தம்பிங்க காருக்கு ரேடியோ செஞ்சு வித்தாங்க. மோட்டார் வண்டிக்கான பொருளுங்கிறதால அதுக்கு மோட்டோரோலான்னு பேர் வெச்சாங்க. உங்க பழைய செல்போன் கம்பெனியோட பேர் அங்கேயிருந்து வந்ததுதான். அப்பவே அங்கே சில ஊர்கள்ல, டிரைவர் கவனம் சிதறும், தூங்கிடுவான், தடை பண்ணுன்னு கிளம்பினாங்க. தடை நிக்கலை. நிக்காததும் சரிதான்.

ஏன்னா எல்லாக் கேட்டலும் ஒண்ணு இல்ல. 2001-ல் அதே அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. வண்டி ஓட்டற மாதிரி ஒரு வேலையைக் கொடுத்து, நடுவுல சிவப்பு சிக்னல் காட்டினாங்க. ரேடியோ கேட்டவங்களுக்கு ஒண்ணும் பெரிசா குறையலை. போன்ல பேசினவங்க சிக்னலைத் தவற விட்டது ரெண்டு மடங்கு ஆச்சு. கையில பிடிச்சுப் பேசினாலும் சரி, பிடிக்காம பேசினாலும் சரி, வித்தியாசமே இல்லையாம். ஆக, கை கட்டிப் போட்டிருக்கா இல்லையாங்கிறது விஷயம் இல்ல. மனசு எங்க இருக்குங்கிறதுதான் விஷயம். காருக்குள்ள ப்ளூடூத்துல மேனேஜர்கிட்ட பேசிக்கிட்டு எங்க ஊரைக் கடக்கிற தம்பிங்க இதைக் கொஞ்சம் மனசுல வைங்க. அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு எங்க ஆடு கண்ணுல படாது.

பாட்டு அப்படி இல்ல. பாட்டு பதில் கேட்காது. மாட்டு வண்டிக்காரன் பாடிக்கிட்டே போனான், ஏத்தம் இறைக்கிறவன் பாடிக்கிட்டே இறைச்சான். பாட்டு வேலையோட ஒட்டிக்கும். ஆனா மாட்டு வண்டிக்காரன் பாட்டு அவன் வாயிலிருந்து வந்தது, காது ரெண்டும் திறந்துதான் இருந்தது. வண்டி ஓட்டறவன் காதுல பாதிதான் அவனுக்குச் சொந்தம். மீதிப் பாதி ரோட்டுக்கு. அந்தப் பாதியைத் தர்றதா இருந்தா உங்க இஷ்டத்துக்கு எதை வேணும்னாலும் கேளுங்க. கர்நாடக சங்கீதமா, கானாவா, என் மாதிரி ஆளுங்களுக்கு அதுல கருத்து கிடையாது.

இதுவரைக்கும் அக்கா பையனும் ஒத்துக்கிட்டான். சண்டை வந்தது அடுத்த பேச்சுலதான். "அப்போ என்னதான் கேட்கச் சொல்ற மாமா?"ன்னான். ரேடியோ கேளுன்னேன். சிரிச்சான். ரேடியோவா, எவனோ விளம்பரம் போடுவான், எவளோ கத்துவா, எனக்கு வேணுங்கிற பாட்டு என் போன்லயே இருக்கேன்னான்.

உனக்கு வேணுங்கிறது உன் போன்ல இருக்கு, சரி. நீ போற இடத்துக்கு வேணுங்கிறது அதுல இருக்கா?

நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க பக்கத்து லாரிக்காரங்களும் டீக்கடைக்காரங்களும் இலங்கை வானொலிதான் வைப்பாங்க. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரலெல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரங்க குரல் மாதிரி. கடல் தாண்டி மீடியம் வேவ்ல வந்த குரல். எங்க டெல்லி அரசாங்கம் 1952-ல் கேஸ்கர் மந்திரியா இருந்தப்ப சினிமாப் பாட்டு மட்டம்னு ரேடியோவுல கழிச்சுக் கட்டினது. ஜனங்க எல்லாம் சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பினாங்க. பிறகு 1957-ல் விவித் பாரதி தொடங்கி இழுக்கப் பார்த்தாங்க. உங்க ரசனை உசத்தி, எங்க ரசனை மட்டம்னு மேல உட்கார்ந்தவங்க சொல்றது புதுசு இல்லேங்கிறதுக்காக இதைச் சொல்றேன்.

ரேடியோவுல ஒரு விஷயம் உண்டு. அது நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லும். எஃப்.எம். அலை நேர்க்கோட்டுல போறது, ரொம்ப தூரம் வராது. சென்னையில கிளம்பறப்ப கணீர்னு கேட்கிற ஸ்டேஷன், திருவள்ளூர் தாண்டினா கரகரங்கும். எங்க ஊர் வரும்போது பாட்டுக்கு நடுவுல தெலுங்கு எட்டிப் பார்க்கும். ஒரு வளைவுல தமிழ், அடுத்த வளைவுல தெலுங்கு. பொன்பாடி செக்போஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே ரேடியோவுக்கு எல்லை தெரிஞ்சிடும். இந்த எல்லைக்கு ம.பொ.சி. எத்தனை பாடுபட்டார், 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டோட எப்படிச் சேர்ந்ததுன்னு புத்தகத்துல படிச்சிருப்பீங்க. எங்க வீடுகள்ல அந்த எல்லை இன்னும் அந்தக் கரகரப்பு மாதிரிதான் இருக்கு. பொண்ணு கொடுத்தது நகரியில, பொண்ணு எடுத்தது திருத்தணியில. உங்க போன்ல ஓடற பட்டியலுக்கு இந்த எல்லை தெரியாது. அண்ணா நகர்ல ஆரம்பிச்ச பாட்டு அலிபிரியில முடியும், நடுவுல ஊரே கிடையாது.

ரேடியோ எங்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்ல. 1960-கள்ல தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ஏ.டி.டி. 27 நெல் வந்தப்ப, அதைப் பத்தித் திருச்சி வானொலியில திரும்பத் திரும்பச் சொன்னாங்க. சொன்னதைக் கேட்டு விதைச்ச ஜனங்க அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்'லுன்னு பேர் வெச்சுட்டாங்க. ஒரு நெல்லுக்கு விஞ்ஞானி பேர் வைக்கலை, மந்திரி பேர் வைக்கலை, ரேடியோ பேர் வெச்சாங்க.

மழைக்காலத்துக்கு வாங்க. ஆந்திராவுல நல்ல மழை பெய்ஞ்சா அம்மப்பள்ளி அணையிலேயிருந்து தண்ணி திறந்து விடுவாங்க. அது கொசஸ்தலை ஆத்துல இறங்கி, பூண்டி ஏரிக்குப் போற வழியில தரைப்பாலங்களை ஒவ்வொண்ணா முழுக்கும். பள்ளிப்பட்டு பக்கம் நெடியத்துத் தரைப்பாலம் முழுகிச்சுன்னு அடிக்கடி பேப்பர்ல பார்த்திருப்பீங்க. எங்க ஊர்ல மழையே இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், ஆத்துல மட்டும் தண்ணி ஏறும். இதை உங்களுக்கு யார் சொல்றது? மேப்புல பேசற அம்மா 'நேராகச் செல்லவும்'னுதான் சொல்லுவாங்க, அவங்களுக்குத் தண்ணி தெரியாது. ரேடியோவுல செய்தி சொல்லியிருப்பாங்க, நீங்கதான் முதலீடு பத்திக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. 2015 டிசம்பர்ல சென்னையே முழுகினப்ப செல்போன் டவர் எல்லாம் படுத்துச்சு. கையில பேட்டரி ரேடியோ வெச்சிருந்தவனுக்கு மட்டும் வெளி உலகம் இருந்தது. அந்த வாரம் எத்தனை பேர் ரேடியோ வாங்கணும்னு சொன்னீங்க, எத்தனை பேர் வாங்கினீங்க?

சரி, ரேடியோவும் யோக்கியமா இருக்காங்கிற கேள்விக்கு வர்றேன். இதுல அக்கா பையன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. சென்னையில ஆல் இந்தியா ரேடியோ 1977-லேயே எஃப்.எம். தொடங்கிடுச்சு, நாட்டிலேயே முதல்ல. 2003-ல் தனியார் எஃப்.எம். வந்துது. வந்த புதுசுல எங்களுக்கும் சந்தோஷம்தான், தெளிவாக் கேட்குதே, நம்ம மாதிரி பேசறாங்களேன்னு. ஆனா நாள் முழுக்கச் சினிமா, சினிமாவைப் பத்திப் பேச்சு, ரெண்டுக்கும் நடுவுல நகைக்கடை. அவங்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. தனியார் எஃப்.எம். சொந்தமா செய்தி சொல்லக் கூடாதுன்னு அரசாங்கமே கட்டி வெச்சிருக்கு. வேணும்னா ஆல் இந்தியா ரேடியோ செய்தியை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போட்டுக்கலாம். டிவிக்காரன் இருபத்து நாலு மணி நேரமும் செய்திங்கிற பேர்ல சண்டை மூட்டலாம், ரேடியோக்காரன் 'கொசஸ்தலையில தண்ணி வருது, தரைப்பாலத்துக்குப் போகாதீங்க'ன்னு தன் வாயால செய்தி வாசிக்கிறதுக்கு யோசிக்கணும். 2023 செப்டம்பர்ல டிராய் அமைப்பு, மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி சொல்ல விடலாம்னு பரிந்துரை செஞ்சுது. அந்தப் பத்து நிமிஷத்துக்காகச் சென்னையில யாராவது ஒருத்தர் கொடி பிடிச்சீங்களா?

மீடியம் வேவுக்குக் கெட்ட காலம் வேற மாதிரி வருது. எலக்ட்ரிக் காரோட மோட்டார் மீடியம் வேவ் அலைவரிசையில கொரகொரன்னு இரைச்சல் கிளப்பும். அதை அடக்கச் செலவு ஆகும்னு டெஸ்லா, பி.எம்.டபிள்யூ. மாதிரி கம்பெனிங்க எலக்ட்ரிக் காருங்கள்ல இந்த ரேடியோவையே எடுத்துட்டாங்க. ஃபோர்டும் எடுக்கக் கிளம்பிச்சு. அமெரிக்காவுல இதுக்கு முதல்ல குரல் கொடுத்தவங்கள்ல விவசாயிங்களும் பண்ணை ஒலிபரப்புக்காரங்களும் உண்டு. புயல் வந்தா, சந்தை விலை மாறினா, எங்களுக்கு அதுலதான் தெரியும்னாங்க. எல்லாக் காரிலும் அந்த ரேடியோ இருக்கணும்னு 2023-ல் அங்கே நாடாளுமன்றத்துல மசோதாவே கொண்டு வந்தாங்க, ஃபோர்டு பின்வாங்கிச்சு. அங்கேயிருக்கிற விவசாயிக்கு ஆயிரம் ஏக்கர், எனக்கு ரெண்டு ஏக்கர். ரெண்டு பேருக்கும் மழை ஒரே மாதிரிதான் வருது, ஆனா அவங்க குரல் கேட்டுது. நார்வே நாடு 2017-ல் தேசிய எஃப்.எம். ஒலிபரப்பையே நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறினது. பழைய கார் வெச்சிருந்தவங்க காசு போட்டுப் புதுக் கருவி மாட்டிக்கிட்டாங்க. நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு வந்தா முதல்ல ஊமையாகறது எங்க டீக்கடை ரேடியோவா இருக்கும்.

போன் கதையும் இதேதான். முன்னாடி ஆயிரம் ரூபாய் பட்டன் போன்ல எஃப்.எம். இருந்துது, நாத்து நடற பொம்பளைங்க வரப்புல வெச்சுக் கேட்டாங்க. விலை ஏற ஏற எஃப்.எம். காணாமப் போச்சு. 2023-ல் மத்திய அரசே போன் கம்பெனிங்களுக்கு, பேரிடர் காலத்துல உதவும், எஃப்.எம்.மை மூடி வைக்காதீங்கன்னு அறிவுரை அனுப்பிச்சு. அறிவுரைதான், உத்தரவு இல்ல. உங்க முப்பதாயிரம் ரூபாய் போன்ல நெட்டு இல்லாம ரேடியோ பாடுதான்னு இப்பவே எடுத்துப் பாருங்களேன்.

அக்கா பையனோட கார்லயும் உட்கார்ந்து பார்த்தேன். டிவி மாதிரி ஒரு பலகை. அதுல ரேடியோ எங்க இருக்குன்னு தேடவே நாலு தடவை தொட்டான், அஞ்சாவது தடவை வந்துது. ஓட்டிக்கிட்டே இதை எப்படிடா தேடுவேன்னேன். அதான் தேடறதில்லேன்னான். பழைய அம்பாசிடர்ல ஒரு குமிழ் இருந்தது, பார்க்காமலே திருகலாம்.

அதனால நான் கேட்கிறது பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. பைக்குன்னா காதுல இருக்கிறதைக் கழட்டுங்க, இதுல பேச்சே கிடையாது. காருன்னா, திருவள்ளூர் தாண்டின பிறகு ஒவ்வொரு ஊர்ப் பலகை வரும்போதும் பாட்டைக் குறைச்சு, உங்க பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்குங்க. ஊர் முடிஞ்சதும் ஏத்திக்குங்க. ஆட்டு மணி கேட்கிற அளவுக்கு உள்ளே சத்தம் இருந்தா போதும். ஆபீஸ் போன் வந்தா ஓரம் கட்டிப் பேசுங்க, டீக்கடைக்கு வியாபாரமாவது ஆகும். மழை மாசத்துல கிளம்பறதுக்கு முன்னாடியும் நடுவுலயும் ஒரு தடவை ரேடியோ செய்தி வைங்க. புதுக் கார் வாங்கப் போறப்ப, சன்ரூஃப் இருக்கான்னு கேட்கிற வாயால மீடியம் வேவ் இருக்கான்னும் ஒரு வார்த்தை ஷோரூம்ல கேளுங்க. ரெண்டு ஏக்கர்காரன் நான் கேட்டா அந்த ஷோரூம்காரர் எனக்குப் பதில் சொல்ல மாட்டார். நீங்க பத்து பேர் கேட்டா மேலிடத்துக்கு எழுதுவார்.

டிராக்டர் பசங்களை நான் பார்த்துக்கிறேன். பின் விளக்கு மாட்டினவனைத் தவிர வேற எவன் வண்டியிலும் என் கரும்பு ஏறாதுன்னு இந்த வருஷம் சொல்லியாச்சு. பெட்டி சைஸையும் குறைக்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேர் கேட்டாங்க, ஒருத்தன் வாடகையை ஏத்திட்டான்.

கண்ணாடி இறக்கினா தூசி வருமே மாமான்னு கடைசியா ஒண்ணு கேட்டான் பையன். வரும்டா. லாரி ஒண்ணு போனா ஒரு கூடை மண்ணு வந்து விழும். எங்களுக்கு அது காலையில ஆறு மணிக்கு ஆரம்பிக்குது, உனக்கு மொத்தமே நாலு நிமிஷம்தான்.